கரண்டி பிடிக்காத பயணம்

இலங்கையில் கஹவத்தைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கஜேந்திரனைத் தெரியாத ஆள் கிடையாது. கதிர்காமத்துக்கு பஸ் பிடிப்பதா, முன்னேஸ்வரத்துக்கு வேன் பேசுவதா, எல்லாம் அவர் தலைமையில்தான் நடக்கும். முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நின்ற இடத்திலெல்லாம் இறங்கிச் சிங்களத்தில் பொளந்துகட்டிவிட்டு, பெரிய மனுஷனாகத் திரும்பி வருவார். நல்ல மனுஷன்தான், யார் இல்லை என்றது? ஆனால் பஸ் முழுக்கச் சோறு கட்டியது யார்? அவர் பெண்டாட்டி விஜயகலா. விடியுமுன் புளிச்சோறு கிளறி, சம்பல் இடித்து, பார்சல் கட்டி, போன இடத்தில் எல்லாருக்கும் கொடுத்து முடித்து அண்டாவைக் கழுவும்போது பஸ் ஹோன் அடித்துவிடும். அத்தனை தடவை கதிர்காமம் போனவள் ஒரு தடவைகூட நிம்மதியாக உட்கார்ந்து ஒரு வாய் தின்றதில்லை.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் தர்மிளா, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கப்பல் பயணம் ஒன்று போட்டுக்கொடுத்தாள். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு பார்த்துவிட்டு, திரும்ப அங்கேயே வந்து இறங்க வேண்டியது. கேட்டதும் விஜயகலா மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். இந்த ஒரு பயணத்திலாவது கரண்டியைத் தொடாமல், உட்கார்ந்த இடத்தில் சாப்பிட வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள்.

கஜேந்திரன் சும்மா இருப்பாரா? கொடகவெல டவுனுக்குப் போய்ப் பெரிய சூட்கேஸ் வாங்கிவந்து லயத்து வீடுகள் முழுக்க உருட்டிக் காட்டினார். அதற்குள் என்ன வைப்பது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அடுத்த வீட்டு அழகம்மா அட்டைக்கடிக்கு ஒரு கட்டி சவர்க்காரம் கொண்டுவந்து கொடுத்தாள். கப்பலில் அட்டை ஏது? இருந்தாலும் ஆசையாகக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல முடியுமா, அதையும் வைத்தார்கள்.

கிளம்புவதற்கு முதல் நாள்தான் விஜயகலா தலையில் இடி விழுந்தது. கப்பலில் என்னத்தைக் கொடுப்பானோ, கொஞ்சம் புளிச்சோறு கட்டிக்கொள் என்றார் கஜேந்திரன். நம்ம ஆட்கள் யாராவது வந்திருந்தால் என்ன செய்வது என்று இன்னும் நாலு பேருக்குச் சேர்த்துக் கட்டவும் சொன்னார். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று அவள் பேசாமல் புளியைக் கரைத்தாள்.

அந்தச் சோறு விமானம் ஏறியது, கப்பல் ஏறவில்லை. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் பெட்டியைச் சோதித்த பெண், சமைத்த சாப்பாடு உள்ளே வரக்கூடாது என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள். கஜேந்திரன் கெஞ்சிப் பார்த்தார், கொஞ்சம் முறைத்தும் பார்த்தார். அவள் மசியவில்லை. வழியனுப்ப வந்த தர்மிளாவின் கையில் பார்சல்களைக் கொடுத்தபோது மனுஷன் முகம் தொங்கிப்போனது. விஜயகலாவுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. வெளியே காட்டிக்கொள்ளாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆனால் பழகின கை சும்மா இருக்குமா? அன்று சாயங்காலம், அவரவரே எடுத்துச் சாப்பிடும் கப்பல் மண்டபத்தில், கஜேந்திரன் மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பிடித்துத் தங்கள் மேசையில் உட்கார வைத்துவிட்டார். இவர்களுக்கு ஏதாவது எடுத்துவந்து வையேன் கலா என்று சொல்லவும், அவள் எழுந்து எடுக்கப் போய்விட்டாள். தட்டு தட்டாகச் சோறு அள்ளிக்கொண்டிருந்தவள், பாதியில் தன் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். அவள் மேலேயே அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கரண்டியைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நான் இனி எந்திரிக்க மாட்டேங்க," என்றாள். "நீங்க போயி எனக்கு எடுத்தாங்க."

கஜேந்திரன் ஒரு நிமிஷம் முழித்தார், பிறகு தட்டோடு எழுந்தார். போனவர் வரவே இல்லை. சாப்பாடு பரப்பியிருந்த இடத்தை ஒரு சுற்று சுற்றி, நின்று, மறுபடியும் சுற்றினார். வந்தபோது தட்டில் ஒன்றும் இல்லை. விஜயகலாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஒனக்கு என்ன புடிக்கும்னு எனக்குத் தெரியலயே கலா," என்றார். குரல் இறங்கியிருந்தது. "நீ சாப்பிட்டு நான் பாத்ததே இல்ல."

கட்டின பெண்டாட்டிக்கு இன்னது பிடிக்கும் என்றுகூடவா தெரியாது என்று நறுக்கென்று கேட்க வாயெடுத்தாள். அந்த இன்னது எது என்று அவளுக்கே வரவில்லை. எல்லாரும் தின்று மிஞ்சியது எதுவோ அதைத்தான் இத்தனை காலமும் தின்றிருக்கிறாள். அடிச்சட்டியில் கிடப்பதில் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன?

"எனக்கும் தெரியலங்க," என்றாள். கண் கலங்கிவிட்டது.

ஈப்போக்காரர் பேச்சுக் கொடுத்தும் கஜேந்திரன் காதில் வாங்கவில்லை. திரும்பிப் போய், கண்ணில் பட்டதிலெல்லாம் ஒவ்வொரு கரண்டி வைத்துக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். எதிரே உட்கார்ந்து அவள் வாயையே பார்த்தார். மீனைத் தின்றாள், தலையாட்டினாள். நூடுல்ஸ் இன்னும் கொஞ்சம் இருந்தால் நல்லது என்று பட்டது. வெள்ளையாகக் குழைந்திருந்த ஒன்றை வாயில் வைத்ததும் முகம் கோணியது. பழக்கத்தில் விழுங்கிவிட்டாள். மிச்சத்தைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள்.

"இது எனக்குப் புடிக்கல."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கஜேந்திரன் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"சரி, வேற எடுத்தாறேன்."

"மெதுவா வாங்க," என்றாள் விஜயகலா. "நான் இங்கதான் ஒக்காந்திருப்பேன்."