மிட்செல் சந்தில் இரண்டாம் முறை

செங்கா மக்ரிண்டிலின் பின்னால் நடப்பவர்கள் நிமிர்ந்த கழுத்தோடுதான் நடக்க வேண்டும். "கீழ பாத்தா கடைதான் தெரியும். அது எல்லா ஊர்லயும் இருக்கு. மேல பாருங்க" என்பாள். கிளாஸ்கோவில் விக்டோரியா மகாராணி காலத்து வணிகர்கள் தங்கள் பணத்தையெல்லாம் மூன்றாம் மாடிக்கு மேலேதான் கொட்டியிருக்கிறார்கள். கல் சிங்கங்கள், கப்பல்கள், பருத்த கன்னத்தோடு காற்று ஊதும் முகங்கள் எல்லாம் அங்கேதான். அவற்றைக் காட்டி, நடுநடுவே சந்துகளுக்குள் கூட்டிப்போவது செங்காவின் தொழில். பல வருடங்களாகச் செய்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தூறல் இருந்தது. ரயில் நிலையத்து வாசலில் ஏழெட்டுப் பேர் சேர்ந்தார்கள். பக்கத்து ஊரான பெய்ஸ்லியிலிருந்து வந்த நெட்டா என்ற பெண்மணியின் குரல் மட்டும் குடைகளுக்கு மேலே கேட்டது. அவள் கணவன் டகி பேசாதவன். நெட்டா அவனுக்கும் சேர்த்துப் பேசினாள்.

"இவரை ஞாயித்துக்கிழமை வீட்ட விட்டுக் கிளப்பினதே அதிசயம்மா. நல்லா நடக்க விடுங்க, வயிறு கொஞ்சம் குறையட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். கார்டன் தெருவில் கொஞ்ச தூரம் போய் வலப்பக்கம் திரும்பி, அடுத்ததாக இடப்பக்கம் மிட்செல் சந்துக்குள் நுழைந்தார்கள். ஒரு காலத்தில் பத்திரிகை அலுவலகமாக இருந்த சிவப்புக் கட்டடம் அங்கே இருக்கிறது. அதன் மூலையில் ஒரு கோபுரம்.

"அந்தக் கோபுரத்துல தண்ணித் தொட்டி வெச்சிருந்தாங்க. தீப்பிடிச்சா அணைக்க. பத்திரிகையில செய்திதான் தீயாப் பரவணும், கட்டடத்துல இல்லன்னு முதலாளி நெனச்சிருப்பார்" என்றாள் செங்கா. மறுபடி சிரிப்பு.

சந்து முடிந்து பெரிய தெரு வந்தது. செங்கா நின்றாள்.

முன்னால் அகலமான ஒரு தெரு. இருபுறமும் உயர்ந்த கட்டடங்கள், நனைந்த கற்கள், சைக்கிளில் போகும் ஒருவன். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அவள் இதற்கு முன் அந்தத் தெருவைப் பார்த்ததே இல்லை. சுவரில் மாட்டிய பலகையில் 'புக்கானன் தெரு' என்று எழுதியிருந்தது. எழுத்தைப் படித்தாள். புக்கானன் தெரு அவளுக்குத் தெரியும். யார் கட்டினார்கள், எந்த வருடம், எந்தக் கடை எரிந்தது, எல்லாம் தெரியும். அந்தத் தெருவும் கண்முன் இருக்கும் இந்தத் தெருவும் ஒன்றாக மாட்டேன் என்றன. யாரோ பலகையை மாற்றி மாட்டிவிட்டார்களா?

வழக்கமாக இங்கிருந்து எந்தப் பக்கம் திரும்புவாள்? வலமா, இடமா? யோசித்தாள். யோசிக்க அங்கே ஒன்றும் இல்லை.

தலை வலிக்கவில்லை. மயக்கம் இல்லை. கை கால் நன்றாக இருந்தன. அதுதான் அவளை இன்னும் குழப்பியது. உடம்புக்கு ஏதாவது என்றால் உட்காரலாம். ஊருக்கு என்னவோ ஆகிவிட்டால் என்ன செய்வது?

"இன்னிக்கு ஒரு மாற்றம்" என்று தன் குரல் சொல்வதைக் கேட்டாள். "வழிய நீங்க தேர்ந்தெடுங்க. எங்க போனாலும் கதை நான் சொல்றேன்."

"அட, காசும் நாங்க குடுத்து, வழியும் நாங்களே காட்டணுமா?" என்றாள் நெட்டா. ஆனாலும் உற்சாகமாக முன்னால் போனாள். இடப்பக்கம் திரும்பினாள். செங்கா பின்னால் நடந்தபடி, கல்லின் நிறத்தைப் பார்த்தும் ஜன்னலின் வடிவத்தைப் பார்த்தும் பொதுவாக எதையோ சொல்லிக்கொண்டு வந்தாள். நெட்டா மறுபடி இடம், மறுபடி இடம் என்று திரும்பினாள்.

செங்கா சற்றுப் பின்தங்கி, கைபேசியில் தன் கணவனை அழைத்தாள்.

"ஹேமிஷ், நான் எங்க இருக்கேன்?"

"என்னடி கேள்வி இது? வேலையிலதானே இருக்க?"

"ஊர் தெரியல ஹேமிஷ். ஒரு தெருவும் தெரியல."

"உனக்கா? போடி. உனக்குத் தெரியலன்னா மேயருக்கே தெரியாது. அடுப்புல முட்டை கருகுது, வந்து பேசு." வைத்துவிட்டான். பிறகு அதைச் சொல்லிச் சொல்லி அவன் வருந்தியது வேறு விஷயம்.

நெட்டா ஒரு சந்துக்குள் நுழைந்தாள். செங்காவுக்கு அப்பாடா என்றிருந்தது. மூலையில் கோபுரம். இது தெரிந்த கதை! பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்த வேகத்தில் ஆரம்பித்தாள்.

"அந்தக் கோபுரத்துல தண்ணித் தொட்டி வெச்சிருந்தாங்க. தீப்பிடிச்சா அணைக்க. பத்திரிகையில செய்திதான் தீயாப் பரவணும்..."

ஒருவர் சிரித்தார், வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்து. அவர் மட்டும்தான் சிரித்தார். மற்ற முகங்களில் சங்கடம். செங்கா பாதியில் நிறுத்தினாள்.

இதுவரை வாய் திறக்காத டகி மெதுவாகச் சொன்னான்: "இங்கதான் மொதல்ல வந்தோம். சுத்தி வந்துட்டோம்."

"இங்கயா? இல்லையே. இது வேற சந்து."

"இல்லம்மா. அதே சந்துதான்."

நெட்டா குடையை மடக்கிக் கணவனிடம் கொடுத்துவிட்டு அருகில் வந்தாள். அவள் குரல் இறங்கியிருந்தது. "என்னம்மா ஆச்சு? பலகையை நீங்க புதுசா வந்தவங்க மாதிரி படிச்சீங்க. அப்பவே கேக்கணும்னு நெனச்சேன்."

"எனக்கு இந்த ஊர் தெரியல" என்றாள் செங்கா. அந்நியர்கள் முன்னால், தன் தொழில் செய்யும் இடத்தில் அதைச் சொல்ல அவளுக்குக் கூசியது.

"உங்க பேர் சொல்லுங்க."

"செங்கா."

"வீட்டுக்காரர் பேர்?"

"ஹேமிஷ். முட்டை கருகவிட்டுட்டு இருக்கான்."

"அதெல்லாம் தெரியுது, ஊர் மட்டும் தெரியலையா? வாங்க. டகி, டாக்சி பிடி. நடந்தது போதும்."

டாக்சியில் செங்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கட்டடங்கள் அழகாக இருந்தன. ஒன்றுகூட அவளுடையதாக இல்லை.

மூளையின் பின்பக்கம் வலது ஓரத்தில் ரத்தக்குழாயில் சின்ன அடைப்பு என்றார் மருத்துவர். இடங்களை அடையாளம் காணும் பகுதி அது. சீக்கிரம் வந்தது நல்லது, தள்ளிப்போட்டிருந்தால் பேச்சோ பார்வையோ போயிருக்கலாம். ஹேமிஷ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையை விடவே இல்லை. நெட்டா அவன் வரும்வரை காத்திருந்து, "அடுத்த தடவை முட்டையை விட்டுட்டுப் பேசுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் பெய்ஸ்லி ரயிலைப் பிடித்தாள்.

கட்டடங்கள் மெல்லத் திரும்பி வந்தன. ஒரு வாரம் தபால் நிலையம், அப்புறம் ரயில் நிலையம். ஆனால் ஒன்றிலிருந்து மற்றதற்கு எப்படிப் போவது என்பது வரவில்லை. கூட்டிப்போகும் வேலையை விட்டுவிட்டாள்.

வசந்தம் வந்தபோது ஹேமிஷ் அவளை டவுனுக்கு அழைத்துப் போனான். அவளோடு நடந்து வருவதென்றால் அவனுக்கு என்றுமே வேப்பங்காய். ஒரு நாளும் வந்ததில்லை. இப்போது அவன் முன்னால், அவள் பின்னால். இரண்டு திருப்பத்தில் தொலைந்தான். ஒரு மதுக்கடையின் பின்பக்கத்து முட்டுச்சந்தில், பீர் பீப்பாய்களுக்கு நடுவில் நின்றார்கள்.

"இது எங்கடி?"

"என்னையா கேக்கற?"

இருவருக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. கதவருகே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த சமையல்காரன் திரும்பிப் பார்த்தான். அவனிடம் வழி கேட்கப் போன ஹேமிஷின் கையைச் செங்கா பிடித்து நிறுத்தினாள்.

"இரு. கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போலாம்."

சந்தின் சுவர் முழுக்க மினுமினுக்கும் வெள்ளைச் செங்கல். "சூரியன் எட்டாத எடம் இது. உள்ள குமாஸ்தாக்கள் எழுதணும். அதான் வெளிச்சம் பட்டுத் தெறிக்கட்டும்னு வெள்ளை வெச்சாங்க" என்றாள்.

எந்தச் சந்து என்று அவளுக்குத் தெரியவில்லை. ஹேமிஷ் முதல்முறையாகக் கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.