பலகை இல்லாத பள்ளம்

விடிவதற்குள் காஜா பேராங் தெருவில் எங்கள் மண்வெட்டிச் சத்தம் எழுந்துவிடும். டவுனுக்குக் காஸ் குழாய் புதைக்கிற வேலை. ஆண்கள் ஏழடிப் பள்ளத்தில் நின்று வெட்டி மேலே எறிவார்கள். நானும் விஜயாவும் கூடையில் வாரிச் சுமந்து ஓரமாகக் கொட்டுவோம். மழை குடித்த களிமண். நாலு நடை நடந்தால் கழுத்து நரம்பு புடைத்துவிடும்.

மலாய் மண்ணில் வெள்ளைக்காரன் கொடி இறங்கப் போகிற மாதம் அது. மெர்டேக்கா என்கிற சுதந்திர நாளுக்குள் குழாய் ஓடியாக வேண்டும் என்று கண்ட்ராக்டர் ஏகாம்பரம் எங்களைக் குதிரை விரட்டாக விரட்டினார்.

மறைக்காமல் சொல்கிறேன், அவர் வாங்கிய அவசர பெர்மிட்டுக்குத் தேங்காய் உடைத்தவர்களில் நானும் ஒருத்தி. முன்பெல்லாம் ஐம்பதடி தோண்டினால் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்க வேண்டும். மண் சரியாதபடி இரண்டு பக்கமும் பலகை அடைத்து முட்டுக் கொடுத்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்து அவர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஐம்பதடி. அவர் வர இரண்டு வாரம் ஆகும். அதுவரை வேலை கிடையாது, எங்கள் அடுப்பில் பூனை தூங்கும். ஏகாம்பரம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி, மூன்றே நாளில் முழுத் தெருவுக்கும் ஒரே கையெழுத்து வாங்கி வந்தார். சூடம் ஏற்றிக் கும்பிட்டோம். இன்ஸ்பெக்டர் வரமாட்டார் என்றால் பலகையும் வராது என்பது எங்கள் மரமண்டைக்கு ஏறவில்லை.

பலகையெல்லாம் லாரியேறி ஜாலான் பெண்டஹாரா முனைக்குப் போனது. அங்கே அந்தப் பலகையில்தான் மெர்டேக்கா விழா மேடை. வேலையைச் சீக்கிரம் முடித்த கெட்டிக்காரர் என்று ஏகாம்பரத்துக்கு அதில் மாலை போடப் போகிறார்களாம்.

செவ்வாய்க்கிழமை பள்ளத்தின் பக்கம் சரிந்தது. உள்ளே என் தம்பி நல்லையா. கையால் பிறாண்டி அவனை எடுத்தோம். உயிர் இருந்தது. இரண்டு காலும் நசுங்கிப் போயிருந்தன.

"அக்கா, என் கால் எங்க?" என்று கேட்டான். அவன் காலைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன், பாவி. அந்த நிமிஷமே என் மனதில் ஏகாம்பரத்துக்கு ஒரு குழி தோண்டிவிட்டேன்.

வியாழன் விடியலில் அவர் காரில் வந்து இறங்கினார். கையில் ஒரு காகிதமும் மை டப்பாவும். எங்களை மேய்க்கிற மண்டோர் அப்பாசாமி அதை வாங்கி உரக்கப் படித்தார். பலகை அடைத்திருந்ததாம். நல்லையாதான் சோம்பல்பட்டு அதைப் பிடுங்கிப் போட்டானாம்.

"எல்லாரும் பெருவிரல வைங்க. விசாரணை வந்தா ஆபீஸ்காரன் பெர்மிட்ட நிறுத்திருவான். அப்புறம் உங்களுக்குத்தான் சோறு இல்ல" என்றார் ஏகாம்பரம்.

"அப்ப என் தம்பிக்கு நஷ்டஈடு?"

"தப்பு செஞ்சவனுக்கு ஏது நஷ்டஈடு, கமலவேணி? ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கி அனுப்புறேன்."

ஆரஞ்சா! மண் கூடையை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். விஜயா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அடிச்சா நீ உள்ள போவ, அவரு மேடை ஏறுவாரு. சும்மா விடாத, ஆனா கை வைக்காத" என்று காதில் சொன்னாள்.

கூடையை இறக்கி வைத்தேன். "சரி முதலாளி, வைக்கிறோம். இன்னிக்கும் எங்கள அந்தப் பள்ளத்துக்குள்ளதான இறங்கச் சொல்லுவீங்க? முதல்ல நீங்க இறங்குங்க. நல்லையா நின்ன எடத்துல பத்தே நிமிஷம் நில்லுங்க. முதல் ரேகை என்னோடது."

ஏகாம்பரம் சிரித்துக்கொண்டே ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்த்தார். அவர் சப்பாத்துக்குக் கீழே இருந்து ஒரு கட்டி மண் பெயர்ந்து தொப்பென்று உள்ளே விழுந்தது. மனுஷன் துள்ளிப் பின்னால் போனார். ஐயோ, வெளுத்துப்போன அந்த முகத்தைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆனந்தம்!

"என்ன விளையாட்டு இது? நான் முதலாளி!"

"மண்ணுக்கு அது தெரியாதுங்க" என்றார் அப்பாசாமி. இருபது வருஷம் அவருக்காக விசில் ஊதியவர், காகிதத்தை மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

பள்ளம் கம்போங் செட்டி வாசலை ஒட்டிப் போகிறது. அங்கே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த தேவதாஸ் பிள்ளை எங்கள் பக்கம் வந்தார். பல தலைமுறைக்கு முன்னே வந்து மலாய் பேசிப் பழகிய செட்டிக் குடும்பம், தமிழ் பேச வராது. "பப்பான் தாடா. சாயா நம்பாக்" என்றார். பலகை இல்லை, நான் பார்த்தேன் என்று அர்த்தம். எந்த விசாரணையிலும் இதையே சொல்வேன் என்றும் மலாயில் சொன்னார்.

"நாளைக்கே வேற ஆள இறக்கி இத மூடுறேன்" என்று கத்திவிட்டு ஏகாம்பரம் காரேறினார்.

மேடையைப் பிய்த்து எறியத்தான் நான் ஓடினேன். பள்ளத்துப் பலகை என்று அடையாளத்துக்கு நுனியில் நாங்கள் பூசிய தார் அப்படியே இருந்தது. விஜயா மறுபடியும் தடுத்தாள். "பிய்க்காதடி, இதுதான் நமக்குச் சாட்சி."

எங்களில் பத்துப் பேர் பள்ளத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள், ஒரு கூடை மண்கூட உள்ளே விழாதபடி. பத்துப் பேர் மேடையில் உட்கார்ந்தோம். இன்ஸ்பெக்டரைக் கூப்பிட ஆபீசுக்குப் போன அப்பாசாமி மத்தியானம் திரும்பி வந்தார். "ரெண்டு வாரம் ஆகுமாம்."

யாரும் எழுந்திருக்கவில்லை. மெர்டேக்காவுக்கு இன்னும் ஒன்பதே நாள். ஏகாம்பரம் மாலை வாங்க வரட்டும். நடுவில் நல்லையாவுக்கு இடம் விட்டு, நாங்கள் இதே பலகையில் உட்கார்ந்திருப்போம்.