பூனைக்குட்டிக்குக் கொடுத்த அழுகை

படத்தில் ஒரு சிறுமியின் பள்ளிப் பைக்குள் அவளுடைய உணர்ச்சிகள் குடியிருந்தன. கோபம் ஒரு முள்ளம்பன்றி, பயம் ஓர் ஆமை, வருத்தம் மழையில் நனைந்த பூனைக்குட்டி. சிறுமி வளர வளரப் பையில் இடம் போதாமல் மூன்றும் அடித்துக்கொள்ளும். குடும்பத்தோடு பார்க்க வேண்டிய கார்ட்டூன் படம். வேலை செய்தவர்களின் வீட்டாருக்கு மட்டும் அன்று முதல் காட்சி. படத்துக்கு ஒலி சேர்த்தவர், பக்கத்தில் மகளை வைத்துக்கொண்டு நெளிந்துகொண்டிருந்தார்.

பூனைக்குட்டி அழும் இடம்தான் வம்பு. குரல் கொடுத்த பெண்மணி நாற்பது தடவை அழுதும் இயக்குநர் மசியவில்லை. "அழுகை நடிப்பா இருக்கு சார்" என்று ஒரே பாட்டாகப் பாடினார். அந்த வாரத்தில்தான் வாலு பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாகக் குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள். பன்னிரண்டு வயது மகளுக்கு வீட்டில் அதுதான் பெயர்.

அப்பா ஓடினார். தட்டுவதற்குக் கையை ஓங்கினார். ஓங்கிய கையில், வேலை பார்த்துக்கொண்டிருந்த ரெக்கார்டர் அப்படியே இருந்தது. பெற்ற அப்பன் என்றால் தட்டியிருக்க வேண்டும். இந்த மனுஷர் பொத்தானை அமுக்கிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நான்கு நிமிடம் நின்றார். பிறகு சத்தமில்லாமல் நழுவினார். ஏன் அழுதாய் என்று இன்றுவரை விசாரிக்கவில்லை. விசாரித்தால் வெளியே நின்றது தெரிந்துவிடுமே!

குழாய் சொட்டிய சத்தத்தையும் நடுவில் குறுக்கிட்ட ஒரு 'டக்'கையும் வெட்டி எறிந்தார். குரலைச் சற்று மெல்லிதாக்கிப் பூனைக்குட்டிக்குக் கொடுத்தார். இயக்குநர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். யாருக்குத் தெரியப்போகிறது என்று அவரும் மனதைத் தேற்றிக்கொண்டார்.

இப்போது திரையில் பூனைக்குட்டி அழுதது. அரங்கமே மூக்கை உறிஞ்சியது. மூன்று விசும்பலுக்குப் பிறகு ஒரு விக்கல். சின்ன வயதிலிருந்தே வாலு அழுதால் அப்படித்தான் விக்கும். பாப்கார்ன் பொட்டலத்துக்குள் போன அவள் கை அங்கேயே நின்றுவிட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

விளக்கு எரிந்ததும் இயக்குநர் ஓடி வந்தார். "உங்கப்பா பெரிய ஆளும்மா! பூனைக்குட்டிக்கு உயிரே கொடுத்துட்டார்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வெளியே வந்து, கார் பக்கத்தில் நின்றபோதுதான் வாயைத் திறந்தாள்.

"அன்னிக்குக் கதவுக்கு வெளியில நின்னீங்களாப்பா?"

இல்லை என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. அவள் முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை.

"ஆமாண்டா. தப்புதான். நான்..."

"எனக்குத் தெரியும். கதவுக்குக் கீழ உங்க நிழல் தெரிஞ்சுது. தட்டுவீங்க, தட்டுவீங்கன்னு பார்த்துட்டே இருந்தேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதான் எழுந்து வந்து தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன்."

அந்த 'டக்' மூன்றாவது நிமிடத்தில் வந்தது. இரைச்சல் என்று நினைத்து, தடம் தெரியாமல் வெட்டியிருந்தார்.