612 அங்குல டி-ஷர்ட்

பனியை அளக்கிற நிலையத்தின் கூரை பனிப் பாரம் தாங்காமல் உட்கார்ந்துவிட்டது என்றால் சிரிப்பு வருமா வராதா? எனக்கு வந்தது. ஹார்லனுக்கு வரவில்லை. சியரா மலைக் கணவாயில் இருக்கும் அந்த நிலையத்தில் வருடக்கணக்காக ஒற்றை ஆளாய்ப் பனி அளப்பவன் அவன். கூரை போட எங்களிடம் பணமில்லை, கோடைக்குள் நீங்களே போடாவிட்டால் நிலையத்தைப் பூட்டிவிடுவோம் என்று அதை நடத்துகிற பல்கலைக்கழகம் கையை விரித்துவிட்டது.

"பூட்டினா பூட்டட்டும் ரொவீனா. நான் எழுதுற கணக்கை எவன் படிக்கிறான்?" என்று என் காப்பிக் கடையில் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

எனக்குப் பொறுக்குமா? "டி-ஷர்ட் விப்போம். நீ வாயை மூடிக்கிட்டு இரு" என்றேன். ஏப்ரல் கடைசியில், அந்தப் பருவத்தில் பெய்த மொத்தப் பனியின் கணக்கைச் சட்டையின் நெஞ்சில் கொட்டை எழுத்தில் அச்சடித்தேன்: 612 அங்குலம்.

எங்கள் ஊரில் மே மாதம் முடிகிறவரை யாரும் பனி வாரும் மண்வெட்டியை உள்ளே வைக்கமாட்டார்கள். குளிர்காலம் முடிந்தது என்று வாய்விட்டும் சொல்லமாட்டார்கள். நானோ அதை அச்சடித்தே விட்டேன். விடுமா மலை? விற்பனைக்கு முந்தின நாள் பிடித்தது புயல்.

ஹார்லன் தாடியெல்லாம் பனியாக என் கடைக்கு வந்து நின்றான். "பத்தொன்பது அங்குலம். இப்ப மொத்தம் 631."

"அட பாவி! இந்த ஒரு தடவை கண்ணை மூடிக்கோயேன்."

"பெஞ்சது பெஞ்சதுதான். பொய்க்கணக்கு எழுதுறதுக்குப் பதிலா நிலையத்தை நானே பூட்டிடுவேன்."

"உன் நேர்மையை வச்சுக் கூரை போட முடியுமாய்யா?"

மறுநாள் பனிச்சறுக்கு மைதானத்தின் கார் நிறுத்துமிடத்தில் மேசையைப் போட்டோம். இருந்த கோபத்தில் தடி மார்க்கரை எடுத்துச் சட்டை சட்டையாக 612-ஐ அடித்துவிட்டுக் கீழே 631 என்று கிறுக்கினேன். பாதியிலேயே கை விட்டுப்போயிற்று. முதலில் வந்தவள் பெட்ரா, சறுக்கி விழுந்தவர்களைத் தூக்கிவரும் மீட்புப் படைக்காரி.

"என்ன ரொவீனா, ஏப்ரல்லயே குளிர்காலத்துக்குச் சங்கு ஊதிட்டியா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே நான்கு வாங்கினாள். அவள் போய்ச் சொன்னதில், என் முட்டாள்தனத்தைப் பார்க்கவே ஊர் திரண்டு வந்தது. வரிசை சாலைவரை நீண்டது. கூரைக்குத் தேறிவிடும் என்று எனக்குத் தெம்பு வந்தது.

மத்தியானம் மறுபடி பனி கொட்டத் தொடங்கியது. ஹார்லன் விற்பனையை அப்படியே போட்டுவிட்டு, நிலையம் இருக்கும் மேட்டைப் பார்த்து ஓடினான்.

"எங்கய்யா போற? ஆளுங்க நிக்கிறாங்க!" என்று கத்தினேன். அவன் காதில் விழவில்லை.

போச்சு, எல்லோரும் கலைந்துவிடுவார்கள் என்று அவசரமாக அடுத்த சட்டையில் 631 எழுதப் போனேன். வரிசையில் நின்ற ஒருவர் தடுத்தார். "பழைய கணக்கு யாருக்கு வேணும்? அவர் அளந்துட்டு வரட்டும்."

யாரும் நகரவில்லை. தலையிலும் தோளிலும் பனி ஏற ஏற நின்றார்கள். வாங்கிப்போனவர்கள்கூடத் திரும்பிவந்து பின்னால் சேர்ந்துகொண்டார்கள். பெட்ரா நான்கு சட்டைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைசியில் நின்றாள்.

பனி ஓய்ந்ததும் ஹார்லன் மூச்சிரைக்க இறங்கி வந்தான். கூட்டத்தைப் பார்த்து மிரண்டுபோனான். "என்னாச்சு ரொவீனா, தகராறா? எதுக்கு இன்னும் நிக்கிறாங்க?"

"நீ சொல்லப்போற கணக்குக்குத்தான்டா, மடையா!"

அவன் வாய் கோணியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மறுபடியும் துடைத்தான். எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சத்தமா சொல்லுப்பா, கடைசியில கேக்கலை!" என்று பெட்ரா கூவினாள்.