வெண்கரைக் கையேட்டில் ஒரு சிறுமி

போளூர் பஸ் ஸ்டாண்டில் திருப்பத்தூர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டால் நான் கொஞ்சம் முழிப்பேன். வெண்கரையில் எந்தத் துறையில் எந்தப் படகு பிடித்தால் உப்புமாடத்துக்குப் போகலாம் என்று கேளுங்கள், தூக்கத்தில்கூடச் சொல்வேன். வெண்கரை ஒரு கிரகம். ஆனந்தன் என்பவர் எழுதி உண்டாக்கியது. இதுவரை ஆறு தொகுதி, நாலாயிரத்துச் சொச்சம் பக்கம், இரண்டு சூரியன். அங்கே காலையில் பேசியதெல்லாம் பனியில் தங்கியிருந்து மாலையில் ஆற்றங்கரையில் கேட்கும். யாரும் யாரையும் திட்டிவிட்டு, நான் சொல்லவே இல்லை என்று தப்ப முடியாது. எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு அது.

நான் அந்த நாவல்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறவள். வாசகர்கள் நடுவழியில் தொலைந்துபோகிறார்கள் என்று பதிப்பாளர் புலம்பியதால் ஒரு கையேடு தயாரித்தேன். யாருக்கு யார் உறவு, எந்த ஊர் எங்கே, யார் எந்த அத்தியாயத்தில் வருகிறார்கள், எல்லாம் அகரவரிசையில். "அந்த ஊர்ல ரேசன் கார்டு வாங்கிட்டியா?" என்பார் என் வீட்டுக்காரர் குமரேசன்.

கையேடு வந்த மாதமே ஓர் இணையதளம் அதை அப்படியே சுட்டுப் போட்டுக்கொண்டது. என் பிழைகளைக்கூட விடவில்லை. எரிச்சல் தாங்கவில்லை. இந்த மாதிரிப் புத்தகம் செய்கிறவர்கள் திருடனைப் பிடிக்க ஒரு வேலை செய்வார்கள். உள்ளே ஒரே ஒரு பொய்ப் பதிவைச் செருகி வைப்பார்கள். அது வேறொரு இடத்தில் தலைகாட்டினால் ஆள் அகப்பட்டான். இரண்டாம் பதிப்பில் நானும் ஒன்று வைத்தேன்.

'இழையினி: படகுத்துறையில் கூழாங்கல் பொறுக்கும் ஆறு வயதுச் சிறுமி. தொகுதி 3, அத்தியாயம் 41.'

மூன்றாம் தொகுதியில் மொத்தமே முப்பத்தெட்டு அத்தியாயங்கள்தான். பெயருக்கு மட்டும் நான் யோசிக்கவே இல்லை. ஆறாம் மாதத்தில் கலைந்துபோன என் குழந்தைக்கு வைத்திருந்த பெயர் அது. அந்த வருடம் அவள் இருந்திருந்தால் ஆறு வயது. எங்காவது ஓரிடத்தில் அச்சில் இருக்கட்டுமே என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

இணையதளம் மாட்டியது. ஆனந்தனிடம் சொல்லத்தான் மறந்துவிட்டேன்.

மூன்று வருடம் கழித்துப் போன வாரம் ஏழாம் தொகுதியின் கைப்பிரதி வந்தது. அதுதான் கடைசித் தொகுதி. முதல் பக்கத்திலேயே இழையினி நின்றாள். இருபத்தைந்து வயது, படகோட்டி, வாயாடி. துடுப்பை ஓங்கிச் சுங்கக்காரனைத் துரத்துகிறாள், தண்ணீரில் விழுந்தும் சிரிக்கிறாள். ஆனந்தன் தான் எழுதியதையே மறக்கிற மனிதர். என் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பேனாவை எடுப்பார். தான் எப்போதோ எழுதி மறந்த சிறுமி என்று நினைத்திருக்கிறார். முந்நூறு பக்கத்தை ஒரே மூச்சில் படித்தேன். என் பெண் வளர்ந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். பிறகுதான் மற்றது உறைத்தது. அத்தியாயம் அத்தியாயமாகச் சரிபார்க்கிற வாசகர்கள் அவருக்கு உண்டு. இல்லாத ஆளை வைத்துக் கதையை முடித்தார் என்று கிழித்துத் தொங்கவிடுவார்கள். நான் உண்மையைச் சொன்னால் அவளை எடுத்துவிடுவார். சொல்லாவிட்டால் அவர் பெயர் கெடும்.

மறுநாள் காலை, ஆனந்தன் இருக்கிற ஜமுனாமரத்தூருக்குப் பஸ் ஏறினேன். மலை வளைவுகளில் பனி ஜன்னலுக்குள் வந்து மடியில் உட்கார்ந்தது. கண்ணை மூடினால் படகு, திறந்தால் பஸ். ஒரு வளைவில் யாரோ "அம்மா" என்றது காதில் கேட்டது. பின் சீட்டுக் குழந்தைதான். ஆனாலும் திரும்பிப் பார்க்காமலே இருந்தேன்.

ஆனந்தன் வாசலில் சாமையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா ராஜேஸ்வரி மேடம், போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே?"

உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று நின்றபடியே சொன்னேன். "சார், மூணாந் தொகுதில இழையினி இல்லைங்க. நான் பொய்யா எழுதி வச்சதுங்க. காப்பி அடிக்கிறவன புடிக்கறதுக்கு. உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்."

முதலில் சிரித்தார். பிறகு உள்ளே போய்த் தொகுதியை எடுத்து வந்து கடைசி அத்தியாயத்தைப் புரட்டினார். முப்பத்தெட்டு. புத்தகத்தை மூடாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மூணு வருசம் மேடம். அவளுக்குத் துடுப்பு போட நான்தான் கத்துக் குடுத்தேன். பதினோராவது அத்தியாயத்துல அவளுக்கு ஜுரம் வந்துது பாருங்க, ரெண்டு நாள் எனக்குச் சோறு எறங்கல. வூட்ல கேட்டுப் பாருங்க. இப்ப வந்து அவ பொறக்கவே இல்லன்றீங்க."

"ஆமாங்க," என்றேன். "பொறக்கல. ஆறு மாசத்துலயே போய்ட்டா."

அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருடத்தில் குமரேசனிடம்கூட அப்படி முழுதாகச் சொன்னதில்லை. அழுகை வந்தது, அடக்கவும் இல்லை.

"எடுத்துடுங்க சார். என்னால உங்க பேரு கெடக் கூடாது." வாய் சொன்னது. எடுக்காதீர்கள் என்று உள்ளே கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அவர் என் பையிலிருந்த கைப்பிரதியைக் கேட்டு வாங்கினார். முதல் பக்கத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, பால்பாயிண்ட் பேனாவால் நிதானமாக எழுதினார். எழுதியதை என் பக்கம் தள்ளினார்.

"தப்பு இருந்தா திருத்துங்க. உங்க வேலதான அது."

'இழையினி இதற்கு முந்தைய தொகுதிகள் எதிலும் இல்லை. அவளைப் பெற்றவர் ராஜேஸ்வரி. நான் வளர்த்தேன்.'

எந்த வரியையும் இரண்டு முறை படிப்பது என் தொழில் வழக்கம். இதை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. அவர் பேனாவை நீட்டியபடியே காத்திருந்தார்.

"தப்பு எதுவும் இல்லைங்க சார்," என்றேன்.