நாத்தனாரின் ஃபேன்

கணினித் திரையில் நீலக் கோடு நாற்பத்தொன்றில் நின்றது. அரை மணி நேரமாக அதே நாற்பத்தொன்று. அவள் மவுஸைத் தொடவில்லை. தொட்டால் கோபித்துக்கொள்ளும் என்று ஒரு பயம்.

அதே அறையின் மறுபக்கம் இஸ்திரி மேசையில் நாத்தனார் ஒரு வெள்ளைச் சட்டையின் காலரை அழுத்திக்கொண்டிருந்தாள்.

“வெந்துச்சா?”

“பாதிகூட வேகல அண்ணி.”

வெட்டி ஒட்டிய கல்யாண வீடியோவைக் கணினி ஒரே படமாகக் கோத்துத் தருவதற்கு அந்த வீட்டில் வைத்த பெயர் அது.

“எங்க கல்யாணமே ஒரு மணி நேரத்துல முடிஞ்சிது. இவங்க கல்யாணம் விடிகாலையிலேருந்து வேகுது” என்றாள் நாத்தனார்.

அவளுக்கு வேலை கொடுப்பவர் வீடியோ ஸ்டுடியோ முதலாளி. எந்த மாப்பிள்ளையும் இதுவரை அவர் ‘ஆக்‌ஷன்’ சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டதில்லை. ஆனாலும் விசிட்டிங் கார்டு, கார் கண்ணாடி, ஸ்டுடியோ வாசல் மிதியடி மூன்றிலும் ‘டைரக்டர்’ என்றே இருந்தது. போன மாதம் வீட்டிலிருந்து வேலை செய்கிற எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“இனிமே எல்லாம் ஃபோர்கே. பொண்ணோட ஒரு முடி பறந்தாலும் தனியாத் தெரியணும். அதான் என் விஷன். அதுக்கேத்த மாதிரி சிஸ்டத்தை ஏத்திக்கோங்க. முடியாதவங்க சொல்லிடுங்க, நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டு, குறுக்கே விரிசல் விழுந்த தன் கைபேசியில் ஒரு மாதிரிப் படத்தைப் போட்டுக் காட்டினார். எல்லோரும் விரிசலுக்கு இரண்டு பக்கமும் பார்த்துத் தலையாட்டினார்கள். முதல் படத்தைச் சொன்ன நாளில் முடித்துக் கொடுப்பவர்களுக்குத்தான் இந்த சீசன் கல்யாணங்கள். மற்றவர்களுக்கு அடுத்த வருஷம் பார்க்கலாம்.

அவளுடையது ஏதோ ஓர் ஆபீசில் கழித்துக் கட்டிய ஒல்லிக் கணினி. தடி அகராதியைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும். ஃபோர்கே படத்தை அதில் ஓட்டியபோது மணப்பெண் ஒரு தடவை கண் சிமிட்டி முடிக்க ஆறு விநாடி எடுத்துக்கொண்டாள். படத்தை வேகமாக ஓட்டும் கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகும் என்றார்கள்.

அளவெடுக்கும் பொறுப்பைக் கணவன் ஏற்றுக்கொண்டான். ஏசி காற்றுக்குழாய்க்குத் தகரம் வெட்டி மடிப்பவன். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் கத்தரியைக் கீழே வைத்துவிடுவேன் என்று சொல்லித் திரிகிறவன். டேப்பை இழுத்து, காதில் செருகிய பென்சிலை எடுத்து, கணினிப் பெட்டியை நான்கு பக்கமும் அளந்து குறித்துக்கொண்டு போனான். கார்டோடு வந்தான். கார்டு பெட்டியைவிட இரண்டு விரல் உயரம்.

“என்னங்க, உள்ள அளந்தீங்களா வெளிய அளந்தீங்களா?”

அவன் அளந்தது வெளியே. பட்டறையில் யாரும் உள்ளே அளப்பதில்லை. குழாய் சுவர் ஓட்டைக்குள் நுழையுமா என்பதுதான் அங்கே கேள்வி. உள்ளே போவது காற்று. அது எந்த அளவுக்கும் ஒத்துப்போகும்.

“டேய் தம்பி, மேல ஒரு கூரை போட்டு மாடி எடுத்துடேன்” என்றாள் நாத்தனார்.

அந்தக் கார்டு, நாத்தனாருக்கென்று தனியாக ஒரு ஃபேன் வாங்க எடுத்து வைத்திருந்த பணத்தில் வந்தது. கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. தகரம் வெட்டும் கத்தரியைக் கொண்டுவந்து அவன் மூடியில் ஒரு சதுரம் வெட்டினான். கையைக் கிழிக்காமல் இருக்க ஓரத்தை அரம் போட்டு மழுக்கினான். அந்த வேலையில் மட்டும் ஒரு குறையும் இல்லை. கார்டு ஓட்டை வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தது. படம் ஓடியது. மணப்பெண் மனிதர்களைப் போலக் கண் சிமிட்டினாள்.

இருபது நிமிடத்தில் கணினி அணைந்தது. கரண்டு தரும் சின்னப் பெட்டி கை வைக்க முடியாமல் கொதித்தது. ஆறவிட்டுப் போட்டால் மறுபடி இருபது நிமிடம். நாத்தனார்தான் இஸ்திரி மேசைக்கு நேராக இருந்த ஸ்டாண்டு ஃபேனைத் தூக்கிக் கணினிக்கு எதிரில் வைத்தாள். அது திரும்பாதபடி கழுத்தில் தாவணித் துண்டைக் கட்டினாள். அன்றிலிருந்து அணையவில்லை. அவள் ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தேய்க்கிறாள். நேற்று ஒரு சட்டையில் வியர்வை சொட்டி, மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று.

பதினொன்றரைக்குக் கோடு தொண்ணூற்று மூன்றுக்கு வந்திருந்தது. வாசலில் கார் நின்றது. பன்னிரண்டுக்கு அனுப்பச் சொன்னவர் நேரிலேயே வந்துவிட்டார், கையில் பென்டிரைவோடு.

“முடிஞ்சுதாம்மா? கல்யாண பார்ட்டி, ஹால்ல வெயிட்டிங்.”

“இன்னும் பத்து நிமிஷம் சார். உக்காருங்க, தண்ணி கொண்டு வரேன்.”

அவள் உள்ளே போனாள். டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். கைபேசி அடித்தது.

“ஆமாங்க, என்னோட டீம் ராத்திரி பகலா ஒக்காந்திருக்கு... என்ன இந்தப் புழுக்கம்... இல்லங்க, உங்கள இல்ல...”

காலை நீட்டினார். ஷூ முனையால் ஃபேனின் அடிப்பாகத்தைக் கொக்கி போட்டு இழுத்துத் தன் பக்கம் திருப்பினார்.

“சார், அந்த ஃபேன...” என்றாள் நாத்தனார்.

ஒரு விரலைத் தூக்கி, பொறு என்றார்.

“சார், அதைத் திருப்பாதீங்க, அது...”

விரல் இன்னும் உயர்ந்தது. கண் அவளைப் பார்க்கவில்லை. “கிரியேட்டிவ் வேலைங்க, அவசரப்பட முடியாது...”

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை அப்படியே சட்டைமேல் விட்டுவிட்டு மேசையைச் சுற்றி ஓடிவந்தாள். அதற்குள், காலையிலிருந்து சூடேறிக் கிடந்த கணினியின் கரண்டுப் பெட்டியில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. திரை கறுத்தது.

தம்ளரோடு வந்தவள் நிலைப்படியிலேயே நின்றாள். டைரக்டர் பேசி முடித்து, திரையைப் பார்த்து, மூடியில் வெட்டியிருந்த சதுரத்தையும் பார்த்தார்.

“இதுக்குத்தாம்மா அன்னைக்கே சொன்னேன். கலைன்னா முதலீடு பண்ணணும். தகரத்த வெட்டிட்டா ஆச்சா?”

“சார், மறுபடி போட்டா சாயங்காலத்துக்குள்ள...”

“பரவால்லம்மா. அந்த ஃபுட்டேஜ் ஹார்டு டிஸ்க்க மட்டும் குடு. வேற ஆளு இருக்காங்க. நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்கல.”

தண்ணீரை வாங்கிக் குடித்தார். நன்றி சொன்னார். கார் போய்விட்டது.

இஸ்திரி மேசையில் துணி கருகும் வாடை வந்ததும் நாத்தனார் திரும்பி ஓடினாள். ஃபேன், கழுத்துக் கட்டோடு, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு வீசிக்கொண்டிருந்தது.