நூற்று நாற்பது பித்தளை ஊசி

அருள்மேரியிடம் இல்லாதவை நிறைய. மரக்காணத்தில் வேறு யாரிடமும் இல்லாதது ஒன்று அவளிடம் இருந்தது: நூற்று நாற்பது பித்தளைக் குண்டூசி. லேஸ் பின்ன வைக்கோல் அடைத்த தலையணையையும் நூல் சுற்றும் மரக்கட்டைகளையும் எப்படியாவது தேற்றிவிடலாம். பின்னும் பூ கலையாமல் நூலைத் தலையணையில் குத்திப் பிடிக்கும் ஊசிதான் கஷ்டம். உப்புக் காற்றில் இரும்பு ஊசி நாலே நாளில் துரு கக்கி, குத்திய இடமெல்லாம் நூலைக் கெடுத்துவிடும்.

மாதா திருவிழாவுக்குப் பீடத்துணியின் ஓரத்தை யார் நன்றாகப் பின்னுகிறாளோ, கான்வென்ட் லேஸ் வகுப்பில் அவளே டீச்சர் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். பதினோரு வருஷமாக உப்பளத்தில் கூடை சுமக்கும் அருள்மேரிக்கு அதைவிட்டால் வேறு வழியில்லை. போட்டிக்கு ஓரகத்தி மெர்லின் ஒருத்திதான். புருஷன் ரெக்ஸுக்குப் பாண்டியில் மாதச் சம்பளம், வீட்டில் ஏசி. இவளுக்கு எதுக்கு வேலை என்று தெருவே கேட்டது, அவள் காதில் விழாமல்.

அவளுக்குப் போய் ஊசியை இரவல் கொடுத்தாள் அருள்மேரி. ஒரே வாரத்தில் திரும்பி வந்தது.

"எண்ணிக்கோக்கா, நூத்தி நாப்பது. புளி போட்டுத் தேச்சிட்டேன், பாரு எப்படி மின்னுது!"

எண்ணினாள். சரியாக இருந்தது.

வேலை முடியும்வரை ஊசியைப் பிடுங்குவதில்லை அருள்மேரி. பூ கலைந்துவிடும் என்பாள். மூன்று வாரம் கழித்துப் பிடுங்கினால், ஓட்டைக்கு ஓட்டை பழுப்புப் பொட்டு.

"உப்பளத்துக் கைம்மா, வேர்வையிலயே உப்பு ஊறியிருக்கும்" என்றார் சிஸ்டர், பரிதாபமாக. அருள்மேரியும் அதை நம்பினாள். இரண்டு நாள் எலுமிச்சம்பழம் வைத்துக் கையைத் தேய்த்தாள். மெர்லினின் ஓரம் பீடத்தில் வெள்ளைவெளேரென்று தொங்கியது.

திருவிழா முடிந்த மறுநாள் காலை ஊசி டப்பா கைதவறிக் கொட்டியது. பொறுக்கி மாளாமல், பீரோவில் ஒட்டியிருந்த வேளாங்கண்ணி மாதா காந்தத்தை எடுத்துத் தரையில் வைத்தாள். அத்தனை ஊசியும் ஓடிவந்து ஒட்டிக்கொண்டன. பித்தளை காந்தத்தில் ஒட்டாது என்பது பள்ளிக்கூடம் போகாத அவளுக்கும் தெரியும். மஞ்சள் முலாம் பூசிய இரும்பு.

அந்த நேரம் பார்த்து மெர்லின் வந்தாள்.

"அக்கா, வகுப்புக்கு இன்னொரு லேஸ் தலையணை வேணும்ங்கறாங்க சிஸ்டர். உனக்கு இனிமே எதுக்கு, குடுத்துடேன்."

அருள்மேரி ஊசிகளை ஒவ்வொன்றாகக் காந்தத்திலிருந்து பிய்த்துத் தலையணையில் குத்தினாள். கடைசி ஊசி வரைக்கும். மெர்லின் காந்தத்தைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

"எண்ணிக்கோ டீச்சர். நூத்தி நாப்பது."

மெர்லின் எண்ணவில்லை. அருள்மேரி கூடையையும் சும்மாட்டுத் துணியையும் எடுத்துக்கொண்டு, அவளைத் தாண்டி உப்பளத்துக்கு நடந்தாள்.